மேக்ஸிமாவா, சிம்பையா, சேஜா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கணினி இயற்கணித மென்பொருள்கள் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எண்களை மட்டும் கூட்டிக் கழிக்காமல், எக்ஸ், ஒய் எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்துக்கொண்டு காரணிப்படுத்தி, வகையிட்டு, தொகையிட்டுத் தருபவை. அதிலும் காசில்லாமல் கிடைக்கிற, மூல நிரலும் திறந்திருக்கிற ரகம்: மேக்ஸிமா (Maxima), பைத்தான் நிரல்மொழியில் எழுதிய சிம்பை (SymPy), பல மென்பொருள்களை ஒன்றாகக் கட்டிய சேஜ் (Sage) போன்றவை. அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களே இந்த முறை பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. "எது பெஸ்ட்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்குத் தனிப் பதில் இல்லை, கீழே இருப்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் விலைக்கு வாங்கிய கணித மென்பொருளின் உரிமம் இந்த ஆண்டோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆய்வகத்தில் இருப்பவை 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய விண்டோஸ் கணினிகள். முதலாண்டு மாணவர்களுக்கு அணிகள், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம் நடத்த எதை நிறுவலாம்?
பொறியியல் கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

மேக்ஸிமா. கூடவே அதன் முகப்பான டபிள்யூஎக்ஸ்மேக்ஸிமா. விண்டோஸ் நிறுவியில் இரண்டும் சேர்ந்தே வரும். நீங்கள் சொன்ன நான்கு பாடத்துக்கும் கட்டளைகள் அதிலேயே இருக்கின்றன, பாதிக்கு மேல் மெனுவிலேயே கிடைக்கும், மாணவர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேஜ் பெரிய சமாச்சாரம்தான், ஆனால் நிறுவினால் பல ஜிபி இடம் பிடிக்கும், விண்டோஸில் நேரடியாக ஓடாது, உள்ளே ஒரு லினக்ஸ் துணை அமைப்பை எழுப்பி அதில்தான் ஓட்ட வேண்டும். உங்கள் கணினிகளில் அதைப் போட்டால் முதல் வகுப்பு முழுவதும் நிறுவுவதிலேயே போய்விடும்.

மூன்று விஷயத்தை மட்டும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள், பாதித் தலைவலி குறையும். ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்க சமக்குறி போடக்கூடாது, முக்காற்புள்ளி போட வேண்டும் (ஏ: 5 என்று), சமக்குறி என்பது சமன்பாட்டுக்கு மட்டும். பை என்ற மாறிலிக்கு முன்னால் சதவீதக் குறி கட்டாயம், இல்லாவிட்டால் அதை ஏதோ ஒரு சாதாரண எழுத்து என்று எடுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் விடையில் அப்படியே வைத்துவிடும். அப்புறம், வெறும் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும், ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கணக்கு நடக்கும்.

கேள்வி: மேக்ஸிமாவில் சைன் எக்ஸ் × காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிட்டால் −காஸ்²எக்ஸ்/2 என்கிறது. சிம்பையில் சைன்²எக்ஸ்/2. என் நோட்டில் −காஸ் 2எக்ஸ்/4 என்று இருக்கிறது. எது சரி அண்ணா? அதோடு 1/எக்ஸைத் தொகையிட்டால் மடக்கைக்குள் மட்டுக்குறி போடாமல் தருகிறது. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போகுமே?
பிளஸ் டூ மாணவர், கரூர்

மூன்றும் சரி தம்பி. முதல் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 1/2, உன் நோட்டு விடைக்கும் சிம்பை விடைக்கும் 1/4. எல்லாம் வெறும் மாறிலிகள், அவை போய்ச் சேரும் இடம் நீ கடைசியில் போடுகிற + சி. அந்த + சி-யை இந்த இரண்டு மென்பொருளும் எழுதுவதில்லை, அது உன் வேலை. இனிமேல் இப்படி இரண்டு விடை வந்தால் கண்ணால் ஒப்பிடாதே, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துச் சுருக்கச் சொல். எக்ஸ் மறைந்து வெறும் எண் மட்டும் மிஞ்சினால் இரண்டும் ஒன்றுதான். மேக்ஸிமாவில் அதற்கு ட்ரிக்சிம்ப் என்ற கட்டளை; 2எக்ஸ் மாதிரி கோணம் இருந்தால் அதற்கு முன்னால் ட்ரிக்எக்ஸ்பாண்ட் போட்டு விரித்துக்கொள்.

மட்டுக்குறி விஷயம் வேறு. இந்த மென்பொருள்கள் எக்ஸைக் கலப்பெண்ணாக நினைத்துக் கணக்குப் போடுகின்றன. எக்ஸ் குறை எண்ணாக இருந்தாலும் அங்கே மடக்கைக்கு மதிப்பு உண்டு, மட்டுக்குறி போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் மறுபடியும் ஒரு மாறிலிதான். உன் பாடத்தில் மெய்யெண் மட்டும் என்பதால் மட்டுக்குறி வேண்டும், போடு. மேக்ஸிமாவையே போட வைக்க லாக்ஆப்ஸ் என்ற அமைப்பு மாறியை ட்ரூ என்று மாற்றிவிடு, அவ்வளவுதான்.

கேள்வி: 1/(எக்ஸ்²+ஏ) என்பதைத் தொகையிடச் சொன்னால் மேக்ஸிமா என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கிறது, ஏ என்பது நேர் எண்ணா குறை எண்ணா என்று. எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் ஏ என்று ஏன் எழுதுகிறேன்? இது மென்பொருளின் குறைபாடா?
மின்னியல் பொறியாளர், கோயம்புத்தூர்

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் மேக்ஸிமா கேட்பது நியாயமான கேள்வி. ஏ நேர் எண்ணாக இருந்தால் விடை தலைகீழ் டேன்ஜெண்டில் வரும், குறை எண்ணாக இருந்தால் மடக்கையில் வரும். பார்க்கவே வேறு வேறு விடைகள். அந்த ஏ உங்கள் சுற்றில் ஒரு மின்தேக்கத்தின் மதிப்பாக இருந்தால் அது குறை எண்ணாக இருக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் மென்பொருளுக்கு அதை யார் சொன்னார்கள்?

இந்த மென்பொருள்களை ஒப்பிட நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். வேகம், அழகான திரை எல்லாம் அப்புறம். நீங்கள் சொல்லாமல் விட்டதை அது என்ன செய்கிறது என்று பாருங்கள். எக்ஸின் கே-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொல்லுங்கள். பள்ளியில் எல்லோரும் எக்ஸின் கே+1-ஆம் அடுக்கு வகுத்தல் கே+1 என்று ஒரே மூச்சில் சொல்வோம், கே = −1 என்றால் அது உடைந்துபோகும் என்பதை மறந்துவிட்டு. மேக்ஸிமா நின்று, கே என்பது −1-க்குச் சமமா என்று கேட்கும். சிம்பை கேட்காது, இரண்டு கிளையாகப் பிரித்து, −1 இல்லாவிட்டால் இது, இருந்தால் மடக்கை என்று இரண்டையும் விடையில் எழுதிவிடும். சேஜ் இந்த மாதிரி இடத்தில் சில சமயம் கேட்கவும் கேட்காது, பிரிக்கவும் பிரிக்காது, கூடுதல் நிபந்தனை தேவை என்று பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும், ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

இன்னும் இரண்டு கேட்டுப் பாருங்கள். எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம்: மேக்ஸிமா மட்டுக்குறிக்குள் எக்ஸ் என்று தரும். சிம்பை தொடாமல் அப்படியே வைத்திருக்கும், எக்ஸ் மெய்யெண் என்று முன்பே அறிவித்தால் மட்டுக்குறி போடும், நேர் எண் என்று அறிவித்தால் வெறும் எக்ஸ். −8-இன் கனமூலம்: மேக்ஸிமா −2 என்கிறது. சிம்பையில் அடுக்கை 1/3 என்ற பின்னமாகக் கொடுத்தால் 1+√3×ஐ (ஐ என்பது √−1) என்ற கலப்பெண்ணின் வேறு உருவம் வரும். பள்ளி ஆசிரியர் முதலாவதற்கு மார்க் போடுவார், கலப்பெண் பாடம் எடுப்பவர் இரண்டாவதற்கு. எனக்குப் பிடித்தது சிம்பையின் வழி, ஏனென்றால் அது எதை நம்பிக் கணக்குப் போட்டது என்பது விடையிலேயே தெரிகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்றால் மேக்ஸிமாவோடுதான் உட்காருவேன்.

உங்களுக்கு வழி: கணக்கைத் தொடங்கும் முன்பே அஸ்யூம் கட்டளையில் ஏ > 0 என்று சொல்லிவிடுங்கள், கேள்வி வராது. ஒரு எச்சரிக்கை, அந்த அனுமானம் ஃபர்கெட் கட்டளை கொடுக்கும்வரை நினைவில் இருக்கும். காலையில் சொன்னதை மறந்துவிட்டு மாலையில் வேறு கணக்கில் அதே எழுத்தைப் பயன்படுத்தினால் விடை வேறு மாதிரி வந்து குழப்பும்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் பார்த்து நானே ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். மேக்ஸிமா, சேஜ், சிம்பை, ஜியோஜீப்ரா. சில தொகையீடுகளைக் கொடுத்துப் பார்த்ததில் சேஜும் மேக்ஸிமாவும் ஒரே மாதிரி விடை தருகின்றன, தோற்கிற இடத்திலும் ஒரே மாதிரி தோற்கின்றன. இது தற்செயலா?
மென்பொருள் பொறியாளர், சென்னை

தற்செயல் இல்லை. சேஜிடம் தொகையிடச் சொன்னால் அது வழக்கமாக முதலில் போய்க் கதவைத் தட்டுவது மேக்ஸிமாவைத்தான். நீங்கள் மேக்ஸிமாவை மேக்ஸிமாவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். மேக்ஸிமா கேட்கிற கேள்விக்கு நடுவில் இருக்கிற சேஜால் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் மேலே சொன்ன பிழைச்செய்தி.

2005-இல் வில்லியம் ஸ்டைன் சேஜைத் தொடங்கியபோதே யோசனை அதுதான்: சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்காமல் ஏற்கெனவே இருக்கிற நல்ல திறமூல நிரல்களை எல்லாம் பைத்தான் மொழியால் ஒன்றாகக் கட்டுவது. எண் கோட்பாட்டுக்கு பாரி, குலங்களுக்கு கேப், பல்லுறுப்புக்கோவைகளுக்கு சிங்குலர், தொகையிடலுக்கு மேக்ஸிமா. வடிவியல் மென்பொருளான ஜியோஜீப்ராவின் இயற்கணிதப் பகுதிக்குள் ஓடுவது பிரான்ஸில் கிரனோபிள் பல்கலைக்கழகத்தில் பெர்னார் பாரிஸ் எழுதிய ஜியாக். எச்பி பிரைம் கால்குலேட்டருக்குள் இருப்பதும் அதுவே. ஆக, உங்கள் அட்டவணையில் பெயர் நான்கு, இயந்திரம் மூன்று. சேஜில் தொகையிடும்போது அல்காரிதம் என்ற இடத்தில் சிம்பை, ஜியாக், ஃப்ரிகாஸ் (இன்னொரு திறமூல இயற்கணித மென்பொருள்) என்று மாற்றிக் கொடுக்க முடியும் (சிலவற்றைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்). சேஜை வைத்தே மற்றவற்றை ஒப்பிடுவது இன்னும் சுலபம்.

அட்டவணைக்கு ஒரு கணக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1/(2+காஸ் எக்ஸ்) என்பதை 0 முதல் 2பை வரை தொகையிட வேண்டும். பாடப்புத்தக முறையில் டேன் எக்ஸ்/2 என்று பிரதியிட்டு, கிடைத்த சார்பில் இரண்டு எல்லைகளையும் போட்டால் பூஜ்யம் வரும். உள்ளே இருப்பது எங்கும் நேர் எண், பரப்பு எப்படிப் பூஜ்யமாகும்? நடுவில் எக்ஸ் = பை என்ற இடத்தில் அந்தச் சார்பு துள்ளிக் குதிப்பதுதான் காரணம். சரியான விடை 2பை/√3, ஏறத்தாழ 3.6276. இந்தத் துள்ளலைச் சரிக்கட்டத்தான் சிம்பை தன் விடைக்குள் ஃப்ளோர் (கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்கும் சார்பு) என்று ஒரு துண்டை ஒட்டவைக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். எந்த மென்பொருளாவது பூஜ்யம் என்றால் உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு.

விடைகளைச் சரிபார்க்கும்போது "இது அதற்குச் சமமா" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். சிம்பையில் இரட்டைச் சமக்குறி போட்டு (எக்ஸ்+1)²-ம் எக்ஸ்²+2எக்ஸ்+1-ம் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது பார்ப்பது எழுதியிருக்கும் உருவத்தை. கழித்துச் சுருக்கிப் பாருங்கள், அதுவும் மாட்டிக்கொண்டால் நாலைந்து எண்களை எக்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோவை பூஜ்யம்தானா என்று எல்லா நிலையிலும் சொல்லிவிடக்கூடிய நிரலே இருக்க முடியாது என்பதை டேனியல் ரிச்சர்ட்சன் 1968-இல் நிரூபித்துவிட்டார், அதனால் இந்த விஷயத்தில் எந்த மென்பொருளையும் ரொம்பத் திட்ட முடியாது.

கேள்வி: ஆக்டேவ் ஏற்கெனவே வைத்திருக்கிறேன், அது போதாதா?
ஆய்வு மாணவர், திருச்சி

அது எண்களுக்கானது. எழுத்துகளோடு கணக்குப் போட அதில் சிம்பாலிக் என்ற தொகுப்பைச் சேர்க்க வேண்டும், அந்தத் தொகுப்பு பின்னால் கூப்பிடுவது சிம்பையை. நேராகச் சிம்பைக்கே போய்விடலாம்.

கேள்வி: பைத்தான் தெரியும் என்பதால் சிம்பையை எடுத்தேன். 1/3 என்று எழுதினால் 0.3333 என்கிறது. 2^3 என்றால் 1 என்கிறது! இதை நம்பி எப்படிக் கணக்குப் போடுவது?
வாசகர், சிங்கப்பூர்

இரண்டிலும் சிம்பை மேல் தப்பில்லை. நீங்கள் எழுதியதைப் பைத்தான் முதலில் படித்து, தன் வழக்கப்படி முடித்துவிட்டுத்தான் சிம்பையிடம் கொடுக்கிறது. 1/3 என்று பார்த்தவுடனே தசமமாக்கிவிடும், கூரைக்குறி அங்கே அடுக்கு இல்லை, இரும எண்களில் செய்கிற வேறொரு செயல். 10-க்கும் 11-க்கும் அதைச் செய்தால் 01, அதுதான் நீங்கள் பார்த்த 1. அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி. பின்னத்துக்கு ராஷனல்(1, 3) என்று எழுதுங்கள். எக்ஸ் என்ற எழுத்தையும் சிம்பல்ஸ் கட்டளையால் முதலில் அறிவிக்க வேண்டும். சேஜும் பைத்தான்தான், ஆனால் நீங்கள் தட்டியதைப் பைத்தானுக்குக் கொடுக்கும் முன்பு அதுவே திருத்திவிடும், அங்கே 1/3 பின்னமாகவே இருக்கும், கூரைக்குறியும் அடுக்குதான். இந்த ஒரு வசதிக்காகவே சேஜுக்குப் போனவர்கள் உண்டு.

குறை ஒன்று: சிம்பை முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் பெரிய கோவைகளில் நிதானமாகத்தான் நகரும். அதே காரணத்தால்தான் எங்கே வேண்டுமானாலும் ஓடுகிறது, உங்கள் சொந்த நிரலுக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம், உரிமமும் தாராளம்.

கேள்வி: வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பகா எண்கள், பெரிய எண்களைக் காரணிப்படுத்துதல் என்று பொழுதுபோக்கு. எனக்கு எது தோது? கால்குலேட்டரில் பத்துப் பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் போக முடிவதில்லை.
வாசகர், கும்பகோணம்

உங்களுக்காகவே செய்த மாதிரி ஒன்று இருக்கிறது ஐயா, பாரி ஜிபி. பிரான்ஸில் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி கோஹன் குழு தொடங்கியது, எண் கோட்பாட்டுக்காரர்களின் கைக்கருவி. சின்ன மென்பொருள், கறுப்புத் திரை, அலங்காரம் கிடையாது.

திறந்தவுடன் ஃபாக்டர்(2^67−1) என்று தட்டுங்கள். 1644-இல் மெர்சென் இதைப் பகா எண் என்று எழுதினார். 1876-இல் லூக்கா அது பகா எண் இல்லை என்று காட்டினார், ஆனால் காரணிகள் என்ன என்று அவராலும் சொல்ல முடியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் அவற்றைப் பலகையில் எழுதிக் காட்டினார்: 193707721 × 761838257287. உங்கள் மடிக்கணினி கண் சிமிட்டும் நேரத்தில் இதைத் தந்துவிடும்.

கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. ஈ என்ற மாறிலியை பை × √163 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். 1975 ஏப்ரலில் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் இதழ்ப் பகுதியில், இது ஒரு முழு எண், ராமானுஜன் அப்படித்தான் ஊகித்திருந்தார் என்று எழுதினார். அது முட்டாள்கள் தினக் குறும்பு. கால்குலேட்டர் துல்லியத்தில் பார்த்தால் முழு எண் போலவே ஏமாற்றும். துல்லியத்தை 50 இலக்கமாக உயர்த்தினால் 262537412640768743.99999999999925 என்று போகும். தசமப் புள்ளிக்கு அப்புறம் பன்னிரண்டு ஒன்பதுகள்! அது ஏன் இவ்வளவு நெருங்கி வருகிறது என்பதற்கு ஆழமான காரணம் உண்டு, 163 என்ற எண் வந்தது சும்மா இல்லை, ஆனால் அதற்கு இந்தப் பகுதி போதாது.

கேள்வி: இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால் அரைகுறையாகத்தானே இருக்கும்?
பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

மேக்ஸிமாவின் வேர் 1968-இல் எம்ஐடியில் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற பழைய அமைப்பு. அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்த அதன் ஒரு பிரதியை டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் தனியாளாகப் பராமரித்து வந்தார், 1998-இல் துறையிடம் அனுமதி வாங்கிப் பொது உரிமத்தில் வெளியிட்டார், 2001-இல் இறந்தார். அதற்குப் பிறகு தன்னார்வலர்கள் கையில். ஃப்ரிகாஸின் மூதாதை ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஸ்கிராட்ச்பேட் என்று பிறந்து, ஆக்சியம் என்ற பெயரில் விலைக்கு விற்கப்பட்டு, விற்பனை நின்ற பிறகு மூலநிரல் திறக்கப்பட்டது. 1960-களில் ஆண்டனி ஹெர்ன் தொடங்கிய ரெட்யூஸும் பல பத்தாண்டுகள் கட்டண மென்பொருளாக இருந்து 2008-இல்தான் திறக்கப்பட்டது. இவற்றில் எதையும் யாரோ ஓய்வு நேரத்தில் விளையாட்டாகச் செய்யவில்லை. ஆவணங்கள் அரைகுறை என்று சொல்லுங்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: மற்றவை கைவிட்ட தொகையீடுகளை முடிப்பதில் எது கெட்டிக்காரன்?
கணித முதுகலை மாணவி, வேலூர்

திறமூலத்தில் ஃப்ரிகாஸ். 1969, 1970-இல் ராபர்ட் ரிஷ் ஒரு முறையைக் கொடுத்தார். ஒரு சார்பின் தொகையீட்டைச் சாதாரணச் சார்புகளால் எழுத முடியுமா என்று தீர்மானிக்கும், முடிந்தால் எழுதியும் தரும். காகிதத்தில் உள்ள அந்த முறையை முழுதாக நிரலாக்குவது பெரும்பாடு. மனுவேல் பிரான்ஸ்டீன் ஆக்சியத்துக்குள் செய்துவைத்த வேலைதான் இன்றைக்கும் ஃப்ரிகாஸின் பலம். பழகக் கடினம், ஒவ்வொரு பொருளுக்கும் வகை கேட்கும், முதல் வாரம் திட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

கேள்வி: இயற்பியல் முதுகலை படிக்கிறேன். டென்சர், துகள் இயற்பியல் கணக்குகளுக்கு?
மாணவர், யாழ்ப்பாணம்

டென்சருக்கு கடாப்ரா. ஃபைன்மன் படங்களில் இருந்து வரும் பக்கம் பக்கமான கோவைகளுக்கு ஃபார்ம், யோஸ் வெர்மசெரன் எழுதியது, நினைவகத்துக்கு அடங்காத கோவையையும் வட்டில் வைத்துச் சமாளிக்கும். ரெட்யூஸைத் தொடங்கிய ஹெர்னும் இயற்பியலாளர்தான், எட்டிப் பாருங்கள்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளே கணக்குப் போடுகின்றனவே, இதெல்லாம் எதற்கு?
வாசகர், சேலம்

அதனிடம் விடையைக் கேட்காமல் சிம்பை நிரலை எழுதித் தரச் சொல்லுங்கள், அந்த நிரலை நீங்கள் ஓட்டுங்கள். விடை தப்பினால் எந்த வரியில் தப்பியது என்று அப்போதுதான் தேட முடியும்.

கேள்வி: கணினி இல்லை, கைபேசி மட்டும்தான். வழி உண்டா சார்?
கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

உண்டு. மேக்ஸிமாவுக்கு ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. ஜியாக்கின் முகப்பான எக்ஸ்காஸ் உலாவியிலேயே ஓடும். சேஜ்செல் என்ற பக்கத்தில் எதையும் நிறுவாமல் சேஜ் கட்டளைகளைத் தட்டி ஓட்டலாம், கணக்கு நடப்பது அவர்கள் கணினியில் என்பதால் உங்கள் கைபேசி எவ்வளவு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இணையம் அடிக்கடி போகிற இடம் என்றால் மேக்ஸிமா செயலியையே வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி, சதவீதக்குறி எல்லாம் விசைப்பலகையில் இரண்டாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும், அதைத் தட்டுவதுதான் பெரிய வேலை. நண்பரிடம் ஒரு ப்ளூடூத் விசைப்பலகை இருந்தால் இரவல் வாங்கிப் பாருங்கள்.